வால்வு மூடும் நேரம்

சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாலையில் உள்ள கங்காதர நெல்லூர் வட்டாரத்தில் கரும்பும் மாங்காயும்தான் முக்கிய வெள்ளாமை. மின்மோட்டார் வந்து சேரும் முன் இதுபோன்ற ஊர்களில் கரும்பாலையைச் சுற்ற வைத்ததும் கிணற்றுத் தண்ணீரை மேலேற்றியதும் ஆயில் என்ஜின். அவற்றில் பேர்பெற்றது லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் பிறந்த அந்த வடிவத்தை ராஜ்கோட் பட்டறைகள் பல பத்தாண்டுகள் வார்த்து நாடெங்கும் அனுப்பின. ஒற்றைச் சிலிண்டர், சுமார் 1,430 சிசி கொள்ளளவு, நிமிடத்துக்கு 650 சுற்று. அது கொடுத்த வலிமை 6 குதிரைத்திறன்.

இன்று அதே ஊர்களில் பால் கேனையும் உரமூட்டையையும் சுமப்பது பெரும்பாலும் ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற சின்ன வண்டி. ஸ்பிளெண்டரின் கொள்ளளவு 97.2 சிசி. நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடும்போது 8 குதிரைத்திறன் தருகிறது. நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்தத் திணறும் ஆயில் என்ஜினைவிட, அதன் சிலிண்டரில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கே உள்ள இந்தக் குட்டி என்ஜினுக்கு வலிமை கூடுதல். இது எப்படி?

விடை காற்றில் இருக்கிறது. எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சு இழுக்கிறது. ஆயில் என்ஜின் நிமிடத்துக்கு 325 மூச்சு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1.43 லிட்டர். மொத்தம் 465 லிட்டர். ஸ்பிளெண்டர் நிமிடத்துக்கு 4,000 மூச்சு, ஒவ்வொன்றிலும் 97.2 மில்லிலிட்டர். மொத்தம் 389 லிட்டர். சிலிண்டர்களுக்கு இடையே பதினைந்து மடங்கு வித்தியாசம் இருந்தும், நிமிடக் கணக்கில் இரண்டும் இழுக்கும் காற்று கிட்டத்தட்ட ஒன்றுதான். டீசலில் ஓடும் ஆயில் என்ஜின், உள்ளே வரும் காற்று முழுவதையும் எரிக்கப் பயன்படுத்த முடியாது என்பதால் அதன் வலிமை சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சிழுக்கக் கிடைக்கும் நேரம்! ஆயில் என்ஜினின் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் 46 பங்கு கிடைக்கிறது. ஸ்பிளெண்டருக்கு 8,000 சுற்றில் கிடைப்பது 4 பங்குக்கும் குறைவு. அந்தக் கண்ணிமைப்பொழுதுக்குள் சிலிண்டர் நிறைய வேண்டும். நிறைகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் உறுப்பு கேம் ஷாஃப்ட்.

கேமின் வேலை

கேம் ஷாஃப்ட் ஒரு இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவில் மேடுகள் இருக்கும். தண்டு சுழலும்போது மேடு ராக்கரைத் தள்ளும். ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். இன்லெட் வால்வு காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழி. எக்ஸாஸ்ட் வால்வு புகை வெளியேறும் வழி. இழுத்தல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு வேலைகளும் முடிய கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறை திறந்தால் போதும். ஆகவே கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும்படி டைமிங் செயினும் பல்சக்கரங்களும் அமைக்கப்பட்டிருக்கும்.

இந்தத் தொடர்பு வண்டிக்கு வண்டி மாறும். ஸ்பிளெண்டரில் கேம் சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கிறது. அதைச் சுற்றுவது செயின். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் வேரூன்றிய ராயல் என்ஃபீல்டு புல்லட்டில், இன்லெட்டுக்கு ஒன்றும் எக்ஸாஸ்டுக்கு ஒன்றுமாக இரண்டு கேம்கள் கீழே கிராங்க் பக்கத்தில் இருந்தன. பல்சக்கரங்கள் நேராக அவற்றைச் சுற்றின. நீண்ட புஷ் ராடுகள் மேலேயுள்ள ராக்கர்களைத் தள்ளின. 2020இல் மீட்டியார் 350 வண்டியோடு வந்த புதிய என்ஜினில்தான் 350 சிசி வண்டிகளின் கேம் ஹெட்டுக்கு ஏறியது. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கேமே கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். பட்டறையில் டைமிங் என்றால் சில நேரம் பிளக் பொறி விடும் நேரத்தையும் குறிக்கும். இங்கே பேசுவது அதையல்ல. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை.

கதவை ஏன் தாமதமாக மூட வேண்டும்

பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும்போது இன்லெட்டைத் திறந்து, கீழ்முனையைத் தொட்டதும் மூடிவிட்டால் சரியாக இருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையான என்ஜின் எதுவும் அப்படிச் செய்வதில்லை.

திருமலையில் தரிசன வரிசைக் கதவைத் திறக்கும் கணத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் கூட்டம் மெதுவாக அசையும். வேகம் பிடித்துவிட்டால், முன்னால் இருப்பவர் நின்றாலும் பின்னால் இருப்பவர்கள் சிறிது நேரம் தள்ளிக்கொண்டே வருவார்கள். கூடம் நிரம்பிவிட்டது போலத் தெரிந்தாலும் இன்னும் சிலர் உள்ளே வந்துவிடுவார்கள். காற்றுக்கும் எடை இருக்கிறது. ஓடத் தொடங்கிய காற்று சட்டென்று நிற்காது. பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும், குழாயில் பாய்ந்து வரும் காற்று தன் வேகத்தாலேயே உள்ளே நுழையும். அந்தக் கூடுதல் காற்றைப் பிடிக்கத்தான் இன்லெட் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள்.

எவ்வளவு தாமதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாக ஓடும் என்ஜினில் காற்றின் வேகமும் அதிகம். நெடுநேரம் திறந்து வைத்தால் லாபம். மெதுவாக ஓடும்போது காற்றுக்கு அந்த உந்துதல் இருக்காது. அப்போது வால்வு திறந்தே இருந்தால், மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திரும்ப வெளியே தள்ளிவிடும். ஒரே தாமதம் ஒரு வேகத்தில் வரமாகவும் இன்னொரு வேகத்தில் நட்டமாகவும் ஆகிறது. நிலையான கேம் எதைச் செய்தாலும் ஏதாவது ஒரு வேகத்துக்கு மட்டும்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

நான்கு எண்கள்

ஒரு கேமைப் புரிந்துகொள்ள நான்கு எண்கள் போதும். உதாரணத்துக்கு ஒரு சாதாரண என்ஜினை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கோணங்களும் கிராங்க் சுழற்சியில் அளந்தவை.

இன்லெட் வால்வு, பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்கு 10 டிகிரி முன்பே திறக்கிறது. கீழ்முனையைக் கடந்து 50 டிகிரி கழித்து மூடுகிறது. ஆக 240 டிகிரி திறந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு, கீழ்முனைக்கு 50 டிகிரி முன்பு திறந்து, மேல்முனையைக் கடந்து 10 டிகிரியில் மூடுகிறது. மேல்முனையின் இருபுறமும் சேர்த்து 20 டிகிரிக்கு இரண்டு வால்வுகளும் கூடவே திறந்திருக்கின்றன. வெளியேறும் புகையின் வேகம் புதுக்காற்றை உள்ளே இழுக்க அந்த இடைவெளி உதவுகிறது.

இப்போது கேமை 4 டிகிரி முன்னே தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக்குகள் இதை அட்வான்ஸ் என்பார்கள். இன்லெட் 14 டிகிரி முன்பே திறந்து, 46 டிகிரியிலேயே மூடிவிடும். எக்ஸாஸ்ட் 54 டிகிரி முன்பே திறந்து 6 டிகிரியில் மூடும். ஒரே தண்டில் இரு மேடுகளும் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே நகரும். பின்னே தள்ளினால், அதாவது ரிடார்ட் செய்தால், இன்லெட் 6 டிகிரியில் திறந்து 54 டிகிரியில் மூடும். வால்வு திறந்திருக்கும் மொத்த அளவு மாறவே இல்லை. அதே 240 டிகிரிதான். அது நடக்கும் நேரம் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

நான்கு எண்களும் நகர்ந்தாலும் வலிமையைப் பெரிதாக மாற்றுவது ஒன்றுதான்: இன்லெட் மூடும் கணம். அது முன்னே வந்தால் குறைந்த சுற்றில் சிலிண்டரில் அதிகக் காற்று மாட்டிக்கொள்ளும். வண்டிக்கு இழுவை கூடும். பின்னே போனால் குறைந்த சுற்றில் வண்டி சோர்ந்து போகும். அதிகச் சுற்றில் மூச்சு விடும்.

வலிமை பிறப்பதில்லை, இடம் மாறுகிறது

கேம் டைமிங்கை மாற்றினால் பவர் கூடும் என்ற பேச்சில் பாதி உண்மைதான் இருக்கிறது. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டிக்கு நிறுவனம் சொல்லும் எண்களையே பாருங்கள். அதிக முறுக்குவிசை 6,000 சுற்றில் 8.05 நியூட்டன் மீட்டர். கணக்குப் போட்டால் அப்போதைய வலிமை சுமார் 5.1 கிலோவாட். அதிக வலிமையான 5.9 கிலோவாட் வருவது 8,000 சுற்றில். அங்கே முறுக்குவிசை ஏறக்குறைய 7 நியூட்டன் மீட்டராகக் குறைந்துவிட்டது. இழுவை எட்டில் ஒரு பங்கு இறங்கியும் வலிமை ஏறியிருக்கிறது; காரணம் வேகம்.

கேமைப் பின்னே தள்ளுபவர் செய்வது இதுதான். முறுக்குவிசையின் உச்சத்தை அதிகச் சுற்றுப் பக்கம் நகர்த்துகிறார். அதே முறுக்குவிசை அதிக வேகத்தில் கிடைப்பதால் குதிரைத்திறன் எண் ஏறுகிறது. அதற்கு விலை, கீழ்ச் சுற்றில் இழந்த இழுவை. கேமை முன்னே தள்ளுபவர் இதற்கு நேர்மாறான பேரத்தைச் செய்கிறார். யாரும் இலவசமாக எதையும் பெறுவதில்லை.

ஆகவே எந்த டைமிங் நல்லது என்று கேட்பதற்கு முன், வண்டி எந்தச் சுற்றில் ஓடப்போகிறது என்று கேட்க வேண்டும். பெங்களூரா மாங்காய்க் கூடையையோ பால் கேனையோ ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறும் வண்டி 3,000, 4,000 சுற்றில்தான் பெரும்பாலும் உழைக்கிறது. அதற்கு 8,000 சுற்றில் கிடைக்கும் குதிரைத்திறன் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடத்தில் ஓடும் வண்டி நிலையே வேறு. அது குறைந்த சுற்றுக்கு இறங்குவதே இல்லை. அங்கே ரிடார்ட் செய்த கேம் நேரத்தை மிச்சப்படுத்தும். அதே கேமை ஊருக்குக் கொண்டுவந்தால், கிளட்சைத் தேய்த்துத் தேய்த்துத்தான் வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும்.

ஒரு பல் தவறினால்

கேம் சக்கரத்தில் 28 பற்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் என்பது கேமில் சுமார் 13 டிகிரி. கிராங்கில் சுமார் 26 டிகிரி. நான்கு டிகிரிக்கே வண்டியின் குணம் மாறும்போது 26 டிகிரி மிகப்பெரிய தவறு. வண்டி கிளம்பத் திணறும், இழுக்காது, சூடாகும். இன்னும் மோசமான நிலையில் திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் வந்து அடித்து வளைத்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் மேக்னெட்டில் ஒரு குறியும் கேம் சக்கரத்தில் ஒரு குறியும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தத்தம் இடத்துக்கு வந்தால்தான் செயினை மாட்ட வேண்டும். செயினை மாட்டிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பவும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் அடையாளம்.

யாரும் தொடாமலேயே டைமிங் மாறுவதும் உண்டு. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய செயினின் இணைப்புகள் தேய்ந்து செயின் நீளும். டென்ஷனர் தொய்வை எடுத்துவிடும். ஆனால் கேமை இழுக்கும் பக்கம் நீண்டுவிட்டதால் கேம் கிராங்குக்குச் சற்றுப் பின்தங்கும். வண்டி தானாகவே ரிடார்ட் ஆகிவிடுகிறது. பழைய வண்டியில் ஏற்றத்தில் பிக்கப் போய்விட்டது என்று சொல்பவர்கள் கார்புரேட்டரை மட்டும் கழற்றிப் பார்க்கிறார்கள். செயினையும் பார்க்க வேண்டும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவேயுள்ள வால்வு கேப்பும் அப்படித்தான்: இடைவெளி குறைந்தால் வால்வு சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும், கூடினால் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும்.

அளந்து செட் செய்வது

சில டிகிரிகள் மட்டும் நகர்த்த வேண்டுமானால் பல்லை மாற்றிப் பயனில்லை. கேம் சக்கரத்தின் போல்ட் துளைகளை நீள்வட்டமாக்கி, சக்கரத்தை லேசாகத் திருப்பி இறுக்கும் முறையைப் பந்தய வண்டிகளில் கையாளுகிறார்கள்.

அதற்கு முன் அளவெடுக்க வேண்டும். கிராங்க் முனையில் 360 டிகிரி குறித்த தட்டு ஒன்றை மாட்டுவார்கள். பிஸ்டனின் மேல்முனையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. உச்சியில் சில டிகிரிகளுக்குப் பிஸ்டன் அசைவதே தெரியாது. அதனால் பிளக் துளை வழியே ஒரு தடுப்பை இறக்கி, கிராங்கை இரு திசையிலும் மெதுவாகக் கையால் சுற்றி, பிஸ்டன் முட்டும் இரண்டு கோணங்களையும் குறித்துக்கொள்வார்கள். அவற்றின் நடுவே இருப்பது உண்மையான மேல்முனை. பிறகு வால்வின் மேல் டயல் கேஜை வைத்து, வால்வு ஒரு மில்லிமீட்டர் திறக்கும் கோணத்தையும் மூடி வரும்போது அதே ஒரு மில்லிமீட்டரில் நிற்கும் கோணத்தையும் எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுக்கோணம்தான் மேட்டின் மையம். நம் உதாரண என்ஜினில் இன்லெட் மேட்டின் மையம் மேல்முனைக்கு 110 டிகிரி பின்னால் வரும். அது 106க்கு வந்தால் 4 டிகிரி அட்வான்ஸ். 114க்குப் போனால் 4 டிகிரி ரிடார்ட்.

நகர்த்திய பிறகு வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடமிருக்கிறதா என்று பார்க்காமல் கிக் அடிக்கவே கூடாது. அட்வான்ஸ் செய்தால் இன்லெட் வால்வு பிஸ்டனை நெருங்கும். ரிடார்ட் செய்தால் எக்ஸாஸ்ட் வால்வு நெருங்கும்.

ஓடும்போதே மாறும் கேம்

ஒரு டைமிங் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும் என்றால், வேகத்துக்கு ஏற்பக் கேமையே மாற்றினால் என்ன? இந்தக் கேள்விக்குத் தயாரிப்பு வண்டியில் முதலில் விடை தந்தது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ. 1980இல் அதன் ஸ்பைடர் காரில் கேமின் நேரம் இரண்டு நிலைகளுக்கு இடையே மாறியது. ஹோண்டா 1983இல் சிபிஆர் 400 எஃப் வண்டியில், குறைந்த சுற்றில் பாதி வால்வுகளை உறங்க வைத்தது. 1989இல் இன்டெக்ரா காரில் விடெக் வந்தது. குறைந்த சுற்றுக்கு ஒரு மேடு, அதிகச் சுற்றுக்கு வேறொரு மேடு. 1.6 லிட்டர் என்ஜினிலிருந்து 160 குதிரைத்திறன். டர்போ இல்லாமலேயே ஒரு லிட்டருக்கு நூறு!

நம் ஊர் இளைஞர்கள் இதைக் கண்ணால் பார்க்க வாய்ப்பளித்தது 2018இல் இந்தியாவில் வந்த யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு. 155 சிசி என்ஜினின் இன்லெட் பக்கத்தில் இரண்டு மேடுகள். 7,400 சுற்றில் ஒரு சிறிய மின்காந்தம் ஊசியைத் தள்ளி, ராக்கரை உயர்ந்த மேட்டோடு இணைத்துவிடும். கீழே இழுவையையும் மேலே வேகத்தையும் ஒரே வண்டியில் பெறும் வழி இது.

கார்களில் பரவலாக இருப்பது வேறு முறை. கேம் சக்கரத்துக்குள் ஒரு சிறு அறை. அதற்குள் இதழ்கள் கொண்ட உருளை. கணினி சொல்லும்போது என்ஜின் ஆயில் அழுத்தத்தோடு அறைக்குள் பாய்ந்து, உருளையைத் திருப்பிக் கேமை முன்னேயோ பின்னேயோ நகர்த்தும். இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாயின் பழைய கார்களின் பின்புறம் விடிவிடி என்று பொறித்திருந்தது இதைத்தான். நாம் பட்டறையில் போல்ட்டைத் தளர்த்திச் செய்யும் வேலையை ஆயில் நொடிக்கு நொடி செய்கிறது. ஆயில் மாற்றத் தவறினால் இந்த அமைப்பு முதலில் மந்தமாகும். இம்முறையிலும் வால்வு திறந்திருக்கும் மொத்த அளவு மாறாது. அதையும் ஓட்டத்தில் மாற்றும் என்ஜினை ஹூண்டாய் 2019இல் அறிமுகப்படுத்தியது.

கற்க வேண்டியவர்கள்

சாலையில் ஓடும் வண்டியின் என்ஜினை நிறுவனம் சொன்ன அளவிலிருந்து மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தரவில்லை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் வால்வு டைமிங், எரிபொருள் அளவு, புகைச் சுத்திகரிப்பு எல்லாம் ஒன்றையொன்று நம்பியே இருக்கின்றன. கேமை மட்டும் தள்ளினால் மற்ற கணக்குகள் பொய்த்துவிடும். டைமிங்கை மாற்றிப் பார்ப்பது பந்தயத் தடத்துக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் உரிய வேலை. சாலை வண்டிக்குச் செய்ய வேண்டியது, நிறுவனம் கொடுத்த டைமிங் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. செயின், டென்ஷனர், வால்வு கேப், ஆயில் ஆகிய நான்கையும் சரியாக வைத்தாலே போன இழுவை பெரும்பாலும் திரும்பிவிடும்.

கங்காதர நெல்லூர் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் உருவான அண்டை மாவட்டமான திருப்பதியில், ஸ்ரீசிட்டியில் 2016இல் இசுசூ தொழிற்சாலை திறந்தது. சத்தியவேடு வட்டாரத்தில் 2018இல் ஹீரோ தன் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. வண்டி ஓட்டிய ஊர்கள் வண்டி செய்யும் ஊர்களாகிவிட்டன. இங்கே ஐடிஐ படிக்கும் பிள்ளைகள் குறியைப் பார்த்துச் செயின் மாட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் குறி ஏன் அங்கே இருக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை: பழைய இரும்புக் கடையில் ஒரு 100 சிசி என்ஜின், அட்டையில் வரைந்த 360 டிகிரித் தட்டு, ஒரு டயல் கேஜ். நான்கு எண்களையும் அளந்து தாளில் எழுதட்டும். பிறகு கேமை 4 டிகிரி நகர்த்தி மறுபடியும் அளக்கட்டும். இன்லெட் மூடும் கோணம் எங்கே போனது என்று தன் கையால் கண்டுபிடித்த பிள்ளைக்கு, எந்த நிறுவனத்தின் எந்த என்ஜினும் புதிராக இருக்காது.